அத்தியாயம் 7: கூடுதல் சேமிப்பிடமும் லாக் பதிவுகளும்

மேசைக் கணினிக்காக எழுதிய லினக்ஸ் குறிப்புகளை அப்படியே கையடக்கக் கணினியில் செய்து பார்ப்பவர்கள் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். பென் டிரைவைச் செருகாமல் இயக்கிய நாளில் கணினி பூட் ஆகாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இன்னொரு நாள், கணினி திடீரென்று அணைந்துபோகிறது; ஏன் என்று தேடப் போனால் லாகில் ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். டிரைவ் எப்போதும் செருகியே இருக்கும், கணினி முறையாகத்தான் அணைக்கப்படும் என்று நம்பி அந்த அமைப்புகள் செய்யப்பட்டிருக்கின்றன. பையில் போட்டு எடுத்துப் போகிற கணினியில் இந்த இரண்டையும் நம்ப முடியாது. டிரைவ் இல்லாமல் போகும், பேட்டரி தீரும் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு அமைப்பையும் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 பொருத்திய க்ளாக்வொர்க்பை யூகன்சோலை வைத்துக்கொள்கிறேன். அதில் டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் ஓடுகிறது. சிஸ்டம்டி உள்ள வேறு கையடக்கக் கணினி என்றாலும் படிகள் இவையே. டிரைவ்களின் பெயர்கள் மட்டும் மாறலாம்.

கட்டளைகளை எப்படிப் படிப்பது

கட்டளைகளை ஒலிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். எல்எஸ்பிஎல்கே என்றிருந்தால் அந்த ஐந்து எழுத்துகளையும் வரிசையாக அடியுங்கள். சூடோ, மவுண்ட், டேட்டா போன்றவற்றை ஆங்கிலச் சொல்லாகவே அடியுங்கள். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் எல்லாம் சிறிய எழுத்துகள். சாய்கோடு, புள்ளி, சமக்குறி, ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு எல்லாம் அச்சிட்டபடியே.

தொடங்கும் முன்

1. சார்ஜரைச் செருகி வையுங்கள். ஃபார்மட் நடக்கும்போது பேட்டரி தீரக் கூடாது. யூகன்சோலில் 18650 செல்களைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் கணினியை முறையாக அணைத்துவிடுங்கள்.

2. முக்கியமான கோப்புகளை வேறொரு கணினியில் நகல் எடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கட்டளைதான் தரவை அழிக்கும். ஆனால் அது எந்தக் கேள்வியும் கேட்காமல் அழித்துவிடக்கூடும்.

3. லினக்ஸ் உள்ள இன்னொரு கணினியும் ஒரு கார்டு ரீடரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பூட் ஆகாமல் போனால் மீட்க வழி அதுதான்.

4. கார்டோ பென் டிரைவோ புதிது என்றால் எஃப்3 என்ற பொதியை நிறுவிச் சோதியுங்கள். எஃப்3ரைட் டிரைவ் நிரம்பும்வரை எழுதும்; எஃப்3ரீட் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மேலே 256 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 32 ஜிபி மட்டுமே இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. அவை நிரம்பும்வரை நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றும். அதன்பின் எழுதுவதெல்லாம் காணாமல் போகும். சோதனைக்குச் சில மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

எது எங்கே இருக்கிறது

டிரைவைச் செருகும் முன் ஒரு முறையும் செருகிய பின் ஒரு முறையும் இதை ஓட்டுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -எஃப்

இரண்டாம் முறை புதிதாக வந்த வரிதான் உங்கள் டிரைவ். யூஎஸ்பி டிரைவ் என்றால் பெரும்பாலும் எஸ்டிஏ என்றும், அதன் முதல் பகுதி எஸ்டிஏ1 என்றும் தெரியும். மைக்ரோ எஸ்டி கார்டு எம்எம்சிபிஎல்கே0 என்று தெரியும். அதன் பி1 என்ற சிறிய பகுதியில் பூட் கோப்புகளும், பி2 என்ற பெரிய பகுதியில் முழு இயங்குதளமும் இருக்கும். பி1, பி2 இரண்டையும் தொடாதீர்கள்.

கம்ப்யூட் மாட்யூல் 4-இல் இரண்டு வகை உண்டு. லைட் வகையில் உள்சேமிப்பு கிடையாது. இயங்குதளம் மைக்ரோ எஸ்டி கார்டில்தான் இருக்கும். ஈஎம்எம்சி உள்ள வகையில் மைக்ரோ எஸ்டி துளையே வேலை செய்யாது, ஏனென்றால் அந்த இணைப்புகளை ஈஎம்எம்சி எடுத்துக்கொண்டுவிடுகிறது. கார்டு தெரியவில்லை என்று அமைப்புகளைத் தோண்டும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

எந்தக் கோப்பு முறைமை

டிரைவ் லினக்ஸோடு மட்டும் புழங்கும் என்றால் ஈஎக்ஸ்டி4. எழுதும் வேலை பாதியில் அறுந்தாலும் தன் கட்டமைப்பைச் சீர்செய்துகொள்ள அதற்குள் ஒரு குறிப்பேடு இருக்கிறது. திடீரென அணையக்கூடிய கணினிக்கு இது பெரிய பாதுகாப்பு.

விண்டோஸ் கணினியிலும் கேமராவிலும் செருக வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். அதில் அந்தக் குறிப்பேடு கிடையாது. கோப்பு யாருக்குச் சொந்தம் என்ற விவரமும் பதிவாகாது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட வீடியோவை நகலெடுக்கும்போது பாதியில் நிற்கும். இன்று புதிதாக ஃபார்மட் செய்யும் டிரைவுக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை.

ஃபார்மட் செய்தல்

தரவை அழிக்கும் கட்டளை இதுதான். எல்எஸ்பிஎல்கே-யை மறுபடி ஓட்டி, டிரைவின் பெயரையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடியுங்கள். ஏற்கெனவே எங்காவது மவுண்ட் ஆகியிருந்தால் முதலில் யூமவுண்ட் செய்யுங்கள். இந்தக் கட்டளையில் யூ-வுக்குப் பின் என் கிடையாது. பலர் சேர்த்து அடித்துவிட்டு, கட்டளையே இல்லை என்கிறதே என்று குழம்புகிறார்கள்.

சூடோ எம்கேஎஃப்எஸ்.ஈஎக்ஸ்டி4 -எல் டேட்டா /டெவ்/எஸ்டிஏ1

இதில் எல் மட்டும் பெரிய எழுத்து. அது டிரைவுக்குப் பெயரிடுகிறது. பெயரில் இடைவெளி வேண்டாம். வைத்துவிட்டால் பின்னால் ஒவ்வொரு அமைப்புக் கோப்பிலும் அதைச் சமாளிக்க வேண்டிவரும்.

மவுண்ட் செய்யும் இடத்தைத் தயார் செய்தல்

1. காலியான ஓர் அடைவை உருவாக்குங்கள்:

சூடோ எம்கேடிஐஆர் /எம்என்டி/டேட்டா

2. அந்தக் காலி அடைவைப் பூட்டுங்கள்:

சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/டேட்டா

இந்த இரண்டாம் படியைப் பல வழிகாட்டிகள் சொல்வதில்லை. கையடக்கக் கணினியில் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். டிரைவ் செருகாத நாளில் /எம்என்டி/டேட்டா வெறும் அடைவாக இருக்கும். நகலெடுக்கும் நிரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது பாட்டுக்கு அங்கே எழுதும். எழுதியதெல்லாம் இயங்குதளம் உள்ள கார்டில் போய் விழும். மறுநாள் டிரைவைச் செருகியதும் மேலே டிரைவ் வந்து உட்கார, நேற்று எழுதிய கோப்புகள் அடியில் மறைந்துவிடும். கோப்புகளைக் காணோம், கார்டிலும் இடம் இல்லை. எங்கே தேடுவது என்றே புரியாது. சிஎச்ஏடிடிஆர் கொடுத்துப் பூட்டிய காலி அடைவில் ரூட் பயனராலும் எழுத முடியாது. டிரைவ் மவுண்ட் ஆனதும் இந்தப் பூட்டு குறுக்கே வராது, ஏனென்றால் அது அடியில் உள்ள அடைவுக்கு மட்டுமே உரியது.

எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதுதல்

பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்பது /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கிறது. முதலில் நகல்:

சூடோ சிபி /ஈடிசி/எஃப்எஸ்டேப் /ஈடிசி/எஃப்எஸ்டேப்.பேக்

அடுத்து டிரைவின் யூயூஐடி எண்ணை எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டும் வரியிலிருந்து நகலெடுங்கள். ஈஎக்ஸ்டி4 என்றால் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்துகள். எக்ஸ்ஃபேட் என்றால் நான்கு, கோடு, நான்கு. கையால் பார்த்து அடிக்காதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். /டெவ்/எஸ்டிஏ1 என்ற பெயரையும் எஃப்எஸ்டேப்பில் எழுதாதீர்கள். இரண்டு டிரைவ்கள் செருகியிருந்தால் எது முதலில் விழிக்கிறதோ அதற்கு அந்தப் பெயர் போய்விடும்.

நானோ எடிட்டரில் கோப்பைத் திறந்து, இருக்கும் வரிகளை அப்படியே விட்டுவிட்டு, கடைசியில் புதிதாக ஒரே ஒரு வரி சேருங்கள். அந்த வரியில் ஆறு பகுதிகள். பகுதிகளுக்கு நடுவில் மட்டும் இடைவெளி விடுங்கள்.

1. யூயூஐடி என்று பெரிய எழுத்துகளில், சமக்குறி, பிறகு அந்த எண்.
2. /எம்என்டி/டேட்டா
3. ஈஎக்ஸ்டி4
4. விருப்பங்கள். காற்புள்ளியால் பிரித்து, இடைவெளியே இல்லாமல்: டிஃபால்ட்ஸ்,நோஏடைம்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=5எஸ்
5. 0
6. 2

கடைசி எண், பூட் ஆகும்போது சரிபார்க்கும் வரிசை. இயங்குதளப் பகுதிக்கு 1, மற்ற ஈஎக்ஸ்டி4 டிரைவ்களுக்கு 2, எக்ஸ்ஃபேட்டுக்கு 0.

நான்காம் பகுதியில் உள்ள நோஃபெயில்தான் இந்த வரியின் உயிர். அது இல்லாமல் டிரைவும் செருகாமல் இயக்கினால், டிரைவ் வரும் என்று சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும். பிறகு அவசரநிலைக்குப் போகும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் ரூட் கணக்கு பூட்டியே இருப்பதால் அந்த அவசரநிலைக்குள்ளும் நுழைய முடியாது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தியோடு திரை நின்றுவிடும். நோஃபெயில் இருந்தால் டிரைவ் இல்லாவிட்டாலும் பூட் தொடரும். டைம்அவுட் அந்தக் காத்திருப்பை 5 விநாடியாகக் குறைக்கிறது. சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 15 விநாடி கொடுங்கள். அது விழித்தெழ நேரமாகும்.

நோஏடைம், கோப்பைப் படிக்கும்போதெல்லாம் படித்த நேரத்தைக் குறித்து வைக்கும் வேலையை நிறுத்துகிறது. படிப்பதற்காக எழுதும் செலவு மிச்சம்.

எக்ஸ்ஃபேட் டிரைவுக்கு மூன்றாம் பகுதியில் எக்ஸ்ஃபேட் என்று எழுதுங்கள். விருப்பங்களோடு யூஐடி=1000,ஜிஐடி=1000,யூமாஸ்க்=022 என்று சேருங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும்; உங்களால் எழுத முடியாது. முதல் பயனரின் எண் வழக்கமாக 1000. ஐடி என்று அடித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குறிப்பு: டிரைவை அடிக்கடி செருகிப் பிடுங்குபவர்கள் விருப்பங்களில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்பதையும் எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60 என்பதையும் சேர்க்கலாம். அடைவை முதன்முதலில் திறக்கும்போதுதான் டிரைவ் மவுண்ட் ஆகும். ஒரு நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் தானாக யூமவுண்ட் ஆகும். திடீரென அணையும்போது டிரைவ் மவுண்ட் ஆகியிருக்கும் வாய்ப்பே குறைகிறது. கையடக்கக் கணினிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

மறுதொடக்கத்துக்கு முன் சோதனை

கோப்பைச் சேமித்ததும் ரீபூட் செய்துவிடாதீர்கள். பிழை இருந்தால் இப்போதே, திரை உயிரோடு இருக்கும்போதே தெரியட்டும்.

1. ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டுங்கள். எழுத்துப் பிழையையும் இல்லாத அடைவையும் அது சுட்டிக்காட்டும்.

2. சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட். சிஸ்டம்டி பழைய எஃப்எஸ்டேப்பையே நினைவில் வைத்திருக்கும். இந்தப் படியை விட்டுவிட்டால் சோதனை குழப்பத்தில் முடியும்.

3. சூடோ மவுண்ட் -ஏ.

4. ஃபைண்ட்எம்என்டி /எம்என்டி/டேட்டா. ஒரு வரி வந்தால் மவுண்ட் ஆகிவிட்டது. ஒன்றும் வராவிட்டால் ஆகவில்லை. நோஃபெயில் இருப்பதால் டிரைவ் கிடைக்காதபோது மூன்றாம் படி சத்தமில்லாமல் முடிந்துவிடும். அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டோமவுண்ட் சேர்த்திருந்தால், மூன்றாம் படிக்குப் பதிலாக ஒரு முறை ரீபூட் செய்துவிட்டு, அடைவை எல்எஸ் கொடுத்துத் திறந்த பிறகு இந்தப் படியைச் செய்யுங்கள்.

5. ஈஎக்ஸ்டி4 என்றால் டிரைவை இப்போது உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்: சூடோ சிஎச்ஓன், பிறகு உங்கள் பயனர்பெயர், ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி, /எம்என்டி/டேட்டா. இதை மவுண்ட் ஆன பிறகுதான் செய்ய வேண்டும். முன்பே செய்தால் அடியில் உள்ள காலி அடைவைத்தான் மாற்றப் பார்ப்பீர்கள். அது பூட்டியிருப்பதால் மறுத்துவிடும்.

6. கணினியை முறையாக அணைத்து, டிரைவைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். தங்குதடையில்லாமல் பூட் ஆக வேண்டும். இந்த ஆறாம் சோதனையைச் செய்யாமல் கணினியை வெளியூருக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பூட் ஆகாமல் நின்றுவிட்டால்: மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றி, லினக்ஸ் உள்ள கணினியில் செருகுங்கள். பெரிய பகுதியைத் திறந்து, அதிலுள்ள ஈடிசி அடைவில் எஃப்எஸ்டேப் கோப்பின் புதிய வரிக்கு முன்னால் # குறி போட்டுச் சேமியுங்கள். அந்தக் கணினியின் சொந்த எஃப்எஸ்டேப்பைத் தவறுதலாகத் திறந்துவிடாமல் பாதையை இரண்டு முறை பாருங்கள்.

கழற்றும் முறை

சூடோ யூமவுண்ட் /எம்என்டி/டேட்டா

டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், சூடோ ஃப்யூசர் -விஎம் /எம்என்டி/டேட்டா என்று கேளுங்கள். எந்த நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். பாதி நேரம் நீங்கள் டெர்மினலில் அந்த அடைவுக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பீர்கள். சிடி என்று மட்டும் அடித்து வெளியே வந்தால் போதும். யூமவுண்டோடு -எல் சேர்த்து வலிந்து கழற்றும் வழியைச் சிலர் சொல்வார்கள். அது டிரைவைக் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, எழுதும் வேலை முடிந்ததா என்று சொல்வதில்லை. நம்பிப் பிடுங்காதீர்கள்.

லாக் எங்கே போகிறது

பழைய வழிகாட்டிகள் /வார்/லாக்/சிஸ்லாக் கோப்பைத் திறக்கச் சொல்லும். டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அந்தக் கோப்பு இல்லாதது உங்கள் கணினியின் கோளாறு அல்ல. எல்லாப் பதிவுகளும் சிஸ்டம்டியின் ஜர்னலுக்குப் போகின்றன. ஆர்சிஸ்லாக்கை நிறுவிக்கொள்ளலாம்தான், ஆனால் ஒவ்வொரு பதிவும் கார்டில் இரண்டு முறை எழுதப்படும். வீட்டிலுள்ள வேறொரு கணினிக்கு லாகை அனுப்ப வேண்டிய தேவை இல்லாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

முதலில் இப்போதைய நிலையைப் பாருங்கள்:

1. ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ். பல வரிகள் வந்தால் பழைய பூட்களின் பதிவுகள் கார்டில் இருக்கின்றன. ஒரே வரி என்றால் லாக் ரேமில் மட்டும் இருக்கிறது, அணைத்தால் போய்விடும்.

2. ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ். எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும்.

அனுமதி இல்லை என்றால் முன்னால் சூடோ சேருங்கள்.

ரேமா, கார்டா

கார்டு தேயும் என்ற பயத்தில் லாகை முழுக்க ரேமில் வைக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட தடவைகளே அழித்து எழுத முடியும். ஆகவே அந்தப் பயம் பொய்யல்ல. ஆனாலும் கையடக்கக் கணினிக்கு அந்த ஆலோசனையை நான் ஏற்கவில்லை. லாக் அதிகம் தேவைப்படுவது கணினி தானாக அணைந்துபோன அந்தக் கடைசி நிமிடங்களுக்குத்தான். ரேமில் இருந்தால் முதலில் போவது அதுவே. லாக்2ரேம் போன்ற கருவிகளும் நாளுக்கு ஒரு முறைதான் கார்டுக்கு மாற்றுகின்றன. எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் சிறு சர்வருக்கு அது சரி, பேட்டரியில் ஓடும் கணினிக்குச் சரியல்ல.

ஒழுங்காக இருக்கும் கணினியில் ஜர்னல் எழுதும் அளவு குறைவு. கார்டைத் தேய்ப்பது பெரும்பாலும் ஒரே பிழையை விநாடிக்குப் பலமுறை கத்திக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சேவை. ஜர்னல்சிடிஎல் -எஃப் போட்டு ஐந்து நிமிடம் பார்த்தால் அது யார் என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யுங்கள், அல்லது நிறுத்துங்கள். லாகை நிறுத்த வேண்டாம்.

ஜர்னலை வரம்போடு கார்டில் வைத்தல்

1. அடைவை உருவாக்குங்கள்:

சூடோ எம்கேடிஐஆர் -பி /ஈடிசி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப்.டி

2. அதற்குள் 90-லாக்.கான்ஃப் என்ற கோப்பை நானோவில் திறங்கள். முன்னால் 90 இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த வகைக் கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. கடைசியாக வருவதே செல்லும். இயங்குதளத்தோடு வந்த கோப்பு ஒன்று லாகை ரேமில் வைக்கச் சொல்லியிருந்தாலும் உங்களுடையது அதை மேவிவிடும்.

3. இந்த வரிகளை எழுதுங்கள். இங்கே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி இல்லை. பெர்சிஸ்டென்ட், மந்த் ஆகிய மதிப்புகள் சிறிய எழுத்தில். 100-க்குப் பின் வரும் எம் பெரிய எழுத்தில்.

[ஜர்னல்]
ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டென்ட்
சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=100எம்
மேக்ஸ்ரிடென்ஷன்செக்=1மந்த்

சிஸ்டம்மேக்ஸ்யூஸ், மேக்ஸ்ரிடென்ஷன்செக் இரண்டிலும் சேர்ந்துள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்து பெரியது என்பதைக் கவனியுங்கள். சதுர அடைப்பில் உள்ள தலைப்பை மறந்தால் கீழே எழுதிய எதுவும் செல்லாது.

4. சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-ஜர்னல்டி. பிறகு சூடோ ஜர்னல்சிடிஎல் --ஃப்ளஷ். இது ரேமில் உள்ளதைக் கார்டுக்கு மாற்றும்.

5. சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப் ஓட்டுங்கள். எந்தெந்தக் கோப்பிலிருந்து எந்த வரி வந்தது என்று முழுவதும் காட்டும். உங்கள் வரிகள் கடைசியில் இருக்க வேண்டும்.

6. லாகர் -டி டெஸ்ட் ஹலோ என்று ஒரு பதிவைப் போட்டு, ரீபூட் செய்து, ஜர்னல்சிடிஎல் -பி -1 -டி டெஸ்ட் என்று கேளுங்கள். ஹலோ வந்தால் லாக் அணைப்பைத் தாண்டிப் பிழைக்கிறது.

வரம்பு எதுவும் சொல்லாவிட்டால் ஜர்னல் அந்தப் பகுதியில் 10 சதவீதம்வரை, அதிகபட்சம் 4 ஜிபிவரை எடுத்துக்கொள்ளும். சிறிய கார்டில் அது அதிகம். இப்போதே நிரம்பியிருந்தால் சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம் பழையதைக் கழித்துவிடும். ஆர்எம் கட்டளையால் ஜர்னல் கோப்புகளை நேரடியாக நீக்காதீர்கள்.

இன்னொரு அமைப்பு, சிங்க்இன்டர்வல்செக். ஜர்னல் தன் கோப்பை 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் கார்டில் உறுதியாக எழுதி முடிக்கிறது. மிகக் கடுமையான பதிவுகள் வந்தால் மட்டும் உடனே. ஆகவே திடீரென அணைந்தால் கடைசி 5 நிமிடப் பதிவுகள் போகலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அதை அப்படியே விடுங்கள். கணினி அடிக்கடி தானாக அணைகிறது, காரணம் தேடுகிறீர்கள் என்றால் மட்டும் சிங்க்இன்டர்வல்செக்=10எஸ் என்று சேர்த்து, காரணம் கிடைத்ததும் எடுத்துவிடுங்கள்.

செய்யக் கூடாதது: கார்டு தேயாமல் இருக்க ஜர்னலை அந்த யூஎஸ்பி டிரைவுக்கு மாற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். பூட் ஆகும்போது டிரைவ் வருமுன்பே ஜர்னல் எழுதத் தொடங்கிவிடும். டிரைவ் இல்லாத நாளின் பதிவு ஓரிடத்திலும் இருக்கும் நாளின் பதிவு வேறிடத்திலும் சிதறும். டிரைவே பழுதானால் அந்தப் பழுதைச் சொல்லும் லாகும் அதோடு போகும்.

லாகைப் படித்தல்

கணினி எதிர்பாராமல் அணைந்த பிறகு இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ. முந்தைய பூட்டின் கடைசிப் பக்கம். முறையாக அணைந்திருந்தால் சேவைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்ட வரிகள் இருக்கும். சாதாரண வரிகளுக்கு நடுவிலேயே லாக் சட்டென்று அறுந்திருந்தால் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது கணினி உறைந்திருக்கிறது.

2. ஜர்னல்சிடிஎல் -பி -1 -பி எர். இதில் இரண்டாவதாக வரும் பி வேறு எழுத்து. முதலாவது பூட்டுக்கு, இரண்டாவது பிரையாரிட்டிக்கு. பிழைகள் மட்டும் வரும்.

3. ஜர்னல்சிடிஎல் -கே -பி -1. கெர்னல் சொன்னவை மட்டும். கார்டு, டிரைவ் பிரச்சினைகள் இங்கேதான் தெரியும்.

நேரத்தை நம்பித் தேடாதீர்கள். கம்ப்யூட் மாட்யூல் 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. வைஃபை கிடைத்து நேரம் சரியாகும்வரை, முன்பு சேமித்த பழைய நேரத்தையே லாக் குறிக்கும். நேற்று மாலை 6 மணி என்று தேடினால் தவறான இடத்தில் போய் நிற்பீர்கள். பூட் எண்ணை வைத்தே தேடுங்கள். -ஓ ஷார்ட்-மோனோடோனிக் சேர்த்தால் பூட் ஆனதிலிருந்து எத்தனையாவது விநாடி என்று காட்டும். அது பொய் சொல்லாது.

யாரிடமாவது உதவி கேட்க லாகை அனுப்பும் முன் ஒரு முறை முழுவதும் படியுங்கள். உங்கள் பயனர்பெயர், வைஃபையின் பெயர், வலையமைப்பு முகவரிகள் எல்லாம் அதில் இருக்கலாம். பிரச்சினை தொடர்பான வரிகளை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.

கார்டு சாகப்போகும் அறிகுறிகள்

கெர்னல் பதிவில் எம்எம்சி0 என்ற பெயரோடு -110 என்ற எண் வந்தால் கார்டு குறித்த நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். ஒரு முறை வந்தால் கார்டைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து மாட்டிப் பாருங்கள். ஐ/ஓ எரர், ஈஎக்ஸ்டி4-எஃப்எஸ் எரர் ஆகியவை திரும்பத் திரும்ப வந்தால் துடைப்பதோடு தீராது. இயங்குதளப் பகுதி எழுத முடியாத நிலைக்கு மாற்றப்பட்டது என்ற வரியும் வந்துவிட்டால், கெர்னல் மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அந்த நொடியிலிருந்து ஜர்னலும் கார்டில் எழுத முடியாது. அப்போது:

1. ரீபூட் செய்யாதீர்கள். அடுத்த முறை எழாமல் போகலாம்.

2. ஜர்னல்சிடிஎல் -கே -பி 0 > /எம்என்டி/டேட்டா/லாக்.டிஎக்ஸ்டி என்று இந்த பூட்டின் பதிவை யூஎஸ்பி டிரைவில் எழுதிவிடுங்கள். டிரைவ் முன்பே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஃபைண்ட்எம்என்டி கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் சொந்தக் கோப்புகளை அதே டிரைவுக்கு நகலெடுங்கள். முக்கியமானவை முதலில், பெரியவை பிறகு. நகலெடுக்கும்போது பிழை வரும் கோப்பைத் தாண்டிப் போங்கள். அதையே திரும்பத் திரும்பப் படிக்கவைத்தால் மிச்சமிருக்கும் உயிரும் போகும்.

4. டிரைவை யூமவுண்ட் செய்து, கணினியை அணைத்து, கார்டைக் கழற்றுங்கள்.

5. கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே-யை வேறொரு கணினியில், கார்டு மவுண்ட் ஆகாத நிலையில் மட்டும் ஓட்டுங்கள். மவுண்ட் ஆன பகுதியில் ஓட்டினால் அது சரிசெய்வதற்குப் பதிலாகச் சிதைக்கும்.

6. எஃப்எஸ்சிகே பிழைகளைத் திருத்திக் கொடுத்தாலும் அந்தக் கார்டில் இயங்குதளத்தைத் திரும்ப ஓட்டாதீர்கள். புதிய கார்டை எஃப்3 கொண்டு சோதித்து, அதில் இயங்குதளத்தை நிறுவி, எஃப்எஸ்டேப் வரியையும் 90-லாக்.கான்ஃப் கோப்பையும் அதில் மறுபடி எழுதுங்கள். யூஎஸ்பி டிரைவின் யூயூஐடி மாறியிருக்காது. கார்டு மாறியதால் /எம்என்டி/டேட்டா அடைவை உருவாக்கிப் பூட்டும் படியையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.